லேசிக் பண்ண டாக்டரை எப்படிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கறது? கொழிஞ்சாம்பாறையிலிருந்து கேக்கறேன்

கொழிஞ்சாம்பாறை தங்கை

வணக்கம்ங்க. வயசு 24. மூணாங்கிளாஸ்ல கண்ணாடி போட்டது. இப்ப வலது கண் மைனஸ் 6.50, அதோட சிலிண்டர் மைனஸ் 1. இடது மைனஸ் 5.75. கஞ்சிக்கோட்டுல ஒரு கம்பெனியில கணக்குப் பிரிவுல இருக்கேன், தினமும் ஸ்கூட்டர். மழை நாள்ல கண்ணாடி மேல தண்ணி, ஹெல்மெட்டுக்குள்ள மூச்சாவி, எதிர்ல லாரி வெளிச்சம். மேனோன்பாறை ரோட்டுல ரெண்டு தடவை வண்டிய ஓரங்கட்டி நின்னு அழுதிருக்கேன். விசேஷத்துக்குப் போறப்ப மட்டும் சாஃப்ட் காண்டாக்ட் லென்ஸ் போடுவேன். லேசிக், அதாவது கண்ணாடி பவரை எடுக்கற லேசர் ஆபரேஷன், பண்ணிக்கலாம்னு ரெண்டு வருஷமா சம்பளத்துல சேர்த்து வெச்சேன்.

மூணு இடத்துல விசாரிச்சாச்சு. பாலக்காட்டுல ஒண்ணு, கோயம்புத்தூர்ல ரெண்டு. ஒருத்தர் 38 ஆயிரம்னாங்க, ஒருத்தர் 60, இன்னொருத்தர் 92. மூணு இடத்துலயும் டாக்டர் இல்லை, ஆஸ்பத்திரியில விவரம் சொல்ற கவுன்சலர்தான் பேசினாங்க. மெஷின் பேரு சொன்னாங்க, எந்த நாட்டுலேர்ந்து வந்ததுன்னு சொன்னாங்க. ஆபரேஷன் பண்றது யாருன்னு கேட்டா "எங்க டாக்டர்ஸ் எல்லாருமே சீனியர்தான்"ங்கறாங்க. 38 ஆயிரம் சொன்ன இடத்துல, இந்த வாரத்துக்குள்ள முன்பணம் கட்டினா 8 ஆயிரம் குறைப்போம்னு தினம் போன் வருது.

அம்மாவுக்கு லேசர் கண்ணைச் சுட்டுடும்னு பயம். ஆனா தையில பொண்ணு பார்க்க வர்றாங்க, அதுக்குள்ள முடிச்சுக்கோன்னு சொல்றதும் அவங்கதான். எதை வெச்சு முடிவு பண்றது? விலையா, மெஷினா, ஆஸ்பத்திரி பேரா?

வேலந்தாவளத்தான்

பக்கத்து ஊர்தாங்க. நான் 11 வருஷத்துக்கு முந்தி கோயம்புத்தூர்ல பண்ணிக்கிட்டேன், ரெண்டு கண்ணும் மைனஸ் 4. மறுநாள் காலையில திண்ணையில நின்னு பார்த்தா தோப்புல தென்னை உச்சியில பாளை விரிஞ்சிருக்கறது தெரியுது. எங்கப்பாகிட்ட "அந்த மூணாவது மரத்துல குரும்பை கொட்டியிருக்கு"ன்னேன். அவரு துண்டால கண்ணைத் தொடச்சுக்கிட்டாரு. பதினேழு வருஷமா கண்ணாடி இல்லாம மரத்தையே பார்த்ததில்லைங்க நான்.

ஆனா நான் பண்ணினது கார்த்திகையில. விருச்சிகக் காத்து எப்படி அடிக்கும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியா கிழக்கேயிருந்து வர்ற வறண்ட காத்து, அதோட புழுதி. கண்ணுல மணலை அள்ளிப் போட்ட மாதிரி நாலு மாசம். செயற்கைக் கண்ணீர் சொட்டு மருந்து பாக்கெட்டுலயே இருக்கும்.

மூணாம் நாள் செக்கப்புக்குப் போனப்ப, ஆபரேஷன் பண்ணின டாக்டரே பார்த்தாரு. எந்த ஊருன்னு கேட்டாரு. வேலந்தாவளம்னேன். "பைக்ல போவியா? கண்ணை மூடின மாதிரி கிளாஸ் போட்டுக்கோ, இல்லைன்னா மாசி வரைக்கும் அவஸ்தைப்படுவே"ன்னாரு. அந்தக் கேள்விய ஆபரேஷனுக்கு முன்னாடி யாராவது கேட்டிருந்தா நான் ஆடியில பண்ணியிருப்பேன், இல்லை சித்திரைக்குத் தள்ளியிருப்பேன். ஆறு தடவை போனேன், ஆறு தடவையும் அவரேதான் பார்த்தாரு. எனக்கு அது பெரிய தைரியம்.

கஞ்சிக்கோடு பிளாண்ட்

நான் கொஞ்சம் வேற மாதிரி பார்க்கறேன். மெஷின்கள் நடுவுல வேலை பார்க்கறவன். லேசிக்ல வெட்டறது கம்ப்யூட்டர். கண் அசைஞ்சா அதுவே பின்தொடருது, ரொம்ப அசைஞ்சா நிறுத்திடுது. டாக்டர் கை நடுங்கினாலும் லேசர் நடுங்காது. புது மெஷின் வெச்சிருக்கற, சர்வீஸ் ஒழுங்கா பண்ற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க, டாக்டர் யாரா இருந்தாலும் பெரிய வித்தியாசம் வராது. லேசிக்ல மாதிரி கருவிழி (கண்ணோட முன்பக்கத் தெளிவான படலம்) மேல ஒரு ஏட்டை மூடி மாதிரி வெட்டித் தூக்காம, சின்ன வெட்டுல பண்ற ஸ்மைல்ங்கற முறை இன்னும் நல்லது. தோப்புல மட்டை பட்டாலோ கபடி ஆடினாலோ மூடி நகரும்ங்கற பயமே இல்லை. என் தம்பிக்கு அதைத்தான் பண்ணினோம், நல்லா இருக்கான்.

இன்சூரன்ஸ்ல வரும்னு நினைச்சிடாதீங்க. 7.5 பவருக்குக் குறைவா இருந்தா பார்வைத் திருத்தத்துக்குப் பாலிசி பணம் தராது.

ரிஃப்ராக்ஷன் ரூம்

14 வருஷமா கோயம்புத்தூர்ல கண் பரிசோதகரா இருக்கேங்க. எந்த ஆஸ்பத்திரின்னு இங்கே சொல்லலை, விளம்பரமா ஆயிடும். பிளாண்ட் அண்ணன் சொன்னதுல பாதி சரி. லேசர் தன் வேலையைத் துல்லியமா பண்ணும். ஆனா அதுக்குள்ள போற நம்பரை மனுஷங்கதான் கொடுக்கறோம். தப்பான நம்பரையும் அது அதே துல்லியத்தோட வெட்டும்.

முதல்ல அந்த நம்பர். தங்கை, சாஃப்ட் லென்ஸ் போடறேன்னீங்க. பரிசோதனைக்கு ரெண்டு வாரம் முன்னாடியே அதை நிறுத்தணும். கெட்டியான லென்ஸ் போடறவங்களா இருந்தா ஒரு மாசம் வரைக்கும். லென்ஸ் கருவிழியை அழுத்தி உருவத்தை மாத்தி வெச்சிருக்கும், நேத்து லென்ஸ் போட்டவங்களை இன்னைக்கு மேப், அதாவது கருவிழி வளைவைக் காட்டற படம், எடுத்தா அந்த மேப் பொய் சொல்லும். உங்களை மூணு இடத்துலயும் இதை யாராவது கேட்டாங்களா?

அடுத்தது கனம். கருவிழி நடுவுல பெரும்பாலானவங்களுக்கு 500லேர்ந்து 560 மைக்ரானுக்குள்ள இருக்கும். தலைமுடி ஒண்ணு சுமார் 70 மைக்ரான், அப்படின்னா ஏழெட்டு முடி அடுக்கின கனம்தான் மொத்தமே. அதுலேர்ந்துதான் எல்லாச் செலவும். லேசிக்ல மேல மூடி மாதிரி ஒரு ஏடு எடுப்பாங்க, லேசர்ல எடுத்தா 110 மைக்ரான்னு வெச்சுக்குங்க. அப்புறம் 6 மில்லிமீட்டர் அகலத்துக்கு, ஒரு பவர் குறைக்கச் சுமார் 12 மைக்ரான் சீவணும். மெஷினைப் பொறுத்து 15 வரைக்கும் போகும். உங்க வலது கண்ணுக்கு 6.50ம் சிலிண்டர் 1ம் சேர்த்து 7.50. பதினஞ்சால பெருக்கினா 112. கருவிழி 540 இருந்தா, மூடி 110, சீவறது 112 போக 318 மிச்சம். 500தான் இருந்தா 278. மிச்சம் 250க்குக் கீழே போகவே கூடாதுங்கறது பழைய கணக்கு, 300 இருந்தாத்தான் தொடுவேங்கற டாக்டர்கள் நிறைய. இன்னொரு கணக்கும் இருக்கு. மூடியும் சீவினதும் சேர்ந்து மொத்தக் கனத்துல 40 சதவீதத்தைத் தாண்டினா, பின்னாடி கருவிழி பலவீனமாகிப் பிதுங்கற ஆபத்து கூடும்.

கனம் மட்டும் பார்த்தாலும் பத்தாது. பென்டாகேம்ங்கற ஸ்கேன் மெஷின்ல கருவிழியோட முன்பக்கம், பின்பக்கம் ரெண்டோட வளைவும் கலர் கலரா வரும். கருவிழி மெலிஞ்சு கூம்பு மாதிரி பிதுங்கற கூம்புக் கருவிழி நோயோட ஆரம்பம் கீழ்ப்பக்கம் ஒரு சின்னத் திட்டா இருக்கும், பார்வை நல்லாவே தெரியும். மெஷின் சந்தேகம்னு சொல்லும், சொல்லாமலும் விட்டுடும். ஒரு கருவிழி டாக்டர் உக்காந்து அந்தப் பேப்பரை நிதானமா படிக்கணும். எங்க டாக்டர் ரெண்டு கண்ணு மேப்பையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, ஒண்ணுக்கொண்ணு கண்ணாடிப் பிம்பமா இருக்கான்னு பார்ப்பாரு.

அண்ணன் சொன்ன ஸ்மைல்ல கை வேலை இன்னும் அதிகம். லேசர் உள்ளுக்குள்ள ஒரு சின்ன வில்லையை வரைஞ்சு விடும், அவ்வளவுதான். 2லேர்ந்து 4 மில்லிமீட்டர் வெட்டு வழியா மழுங்கின கருவியை விட்டு அதை மேலயும் கீழேயும் பிரிச்சு முழுசா உருவி எடுக்கறது டாக்டர் கைதான். கிழிஞ்சு ஒரு துணுக்கு உள்ளே தங்கினா பார்வை கெடும். லேசர் ஓடறப்ப கண்ணைப் பிடிச்சிருக்கற சக்ஷன் நடுவுல விட்டுப்போச்சுன்னா தொடரணுமா, நிறுத்திட்டு இன்னொரு நாள் பார்க்கணுமாங்கற முடிவும் அவரோடதுதான்.

அதனால போன் பண்ணி மூணே மூணு கேளுங்க. என் கண்ணைப் பார்த்து ஆபரேஷன் பண்ணலாம்னு சொல்றது யாரு? பண்றது யாரு? மறுநாளும் மூணு மாசம் கழிச்சும் பார்க்கறது யாரு? மூணுக்கும் ஒரே ஆளைச் சொல்ற இடம் எதுவோ அங்கே போங்க. டாக்டர் முன்னாடி உக்காந்ததும், எத்தனை பேரைத் திருப்பி அனுப்புவீங்கன்னு கேளுங்க. நல்ல டாக்டர் கோவிச்சுக்க மாட்டாரு. யாரையும் அனுப்பறதில்லைன்னு சொன்னா எந்திரிச்சு வந்துடுங்க.

கொழிஞ்சாம்பாறை தங்கை

லென்ஸ் பத்தி ஒருத்தரும் கேக்கலைங்க. போன ஞாயித்துக்கிழமை கல்யாணத்துக்கு லென்ஸ் போட்டுட்டு, திங்கக்கிழமை அவங்க எடுத்த சீட்டுதான் என் கையில இருக்கறது.

டாக்டர்கிட்ட நேரா இப்படிக் கேட்டா தப்பா நினைக்க மாட்டாங்களா? எங்க வீட்டுல டாக்டர் முன்னாடி யாரும் வாயே திறக்க மாட்டோம்.

பொள்ளாச்சி அக்கா

கேளு சாமி, தயங்காமக் கேளு. நாங்க கேக்காம விட்டதை எழுதறேன்.

எந்தம்பிக்குச் சின்ன வயசுலேர்ந்து கண்ணு அரிப்பு. சித்திரை வந்தா முட்டிய மடக்கி வெச்சுக் கண்ணைக் கசக்குவான், அம்மா கையில அடிப்பாங்க. 22 வயசுல லேசிக் பண்ணிக்கிட்டான். ஊரும் ஆஸ்பத்திரி பேரும் இங்கே வேண்டாம். பரிசோதனை ஒரு கிளையில, ஆபரேஷன் வேற கிளையில. பண்ணின டாக்டர் ஞாயித்துக்கிழமை மட்டும் வெளியூர்லேர்ந்து வர்றவரு. எந்தம்பிய அவரு முதல் தடவை பார்த்ததே டேபிள் மேலதான். கண்ணைக் கசக்குவியான்னு ஒருத்தர் கேக்கலை. கசக்கறதுக்கும் கூம்புக் கருவிழிக்கும் சம்பந்தம் உண்டு, அதைச் சொல்லணும்னு எங்களுக்கும் தெரியலை.

ஒரு வருஷம் நல்லா இருந்துச்சு. ரெண்டாவது வருஷம் கார்த்திகை தீபத்தன்னைக்கு வாசல்ல விளக்கு வெச்சுக்கிட்டு இருந்தேன். பக்கத்துல வந்து நின்னுட்டு, "அக்கா, எல்லா விளக்குக்கும் கீழே வால் தொங்குது"ன்னான். விளையாடறான்னு நினைச்சேன். அப்புறம் மேல பார்த்துட்டு "நிலா மூணு இருக்குது"ன்னான். அவன் குரல்ல விளையாட்டு இல்லை.

அந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்த டாக்டர் இப்ப வர்றதில்லைன்னாங்க. கண்ணு வறட்சின்னு சொட்டு மருந்து எழுதினாங்க. மூணு தடவை கண்ணாடி மாத்தினோம், ஒவ்வொரு தடவையும் பவர் வேற. கடைசியா மதுரைப் பக்கம் ஒரு கருவிழி டாக்டரம்மா, பழைய பேப்பர் இருக்கான்னு கேட்டாங்க. நான் எதையும் தூக்கிப் போடறவ இல்லை. ஆபரேஷனுக்கு முந்தி எடுத்த கலர் மேப்பையும் அன்னைக்கு எடுத்ததையும் மேசை மேல ஒண்ணா வெச்சாங்க. புதுசுல கீழ்ப்பக்கம் சிவப்பா பெருசா ஒரு வட்டம். பழசுல அதே இடத்துல ஆரஞ்சு நிறத்துல சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு திட்டு. பேனா முனைய அது மேல வெச்சு ஒரு நிமிஷம் பேசாம இருந்தாங்க. யாரையும் குறை சொல்லலை. "இதை நான் பார்த்திருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பேன்"னாங்க, அவ்வளவுதான்.

ரெண்டு கண்ணுக்கும் சி3ஆர் பண்ணினாங்க. பி2 வைட்டமின் சொட்டு விட்டு அல்ட்ரா வயலட் வெளிச்சம் காட்டிக் கருவிழியக் கெட்டிப்படுத்தறது. அதோட பிதுக்கம் நின்னுபோச்சு. ஆனா போன பார்வை லேசர்லயும் வராது, சாதாரணக் கண்ணாடியிலயும் வராது. இப்ப கெட்டி லென்ஸ் போட்டுத்தான் வேலைக்குப் போறான், வயசு 29. சாயங்காலம் லென்ஸைக் கழட்டினதும் ஒரு மணி நேரம் கண்ணை மூடிட்டுப் படுத்திருப்பான்.

உன் வீட்டுல யாருக்காவது கூம்புக் கருவிழி இருக்கா, நீ கண்ணைக் கசக்குவியா, இது ரெண்டையும் அவங்க கேக்கலைன்னாலும் நீயே சொல்லிடு. அந்த 8 ஆயிரத்தை நினைக்காதே தாயி.

ஓலவக்கோடு ரயில்

அம்மிணி, உன் கேள்விக்குச் சம்பந்தமில்லாம இருக்கலாம், ஆனா இதைப் படிக்கற பையன்களுக்காகச் சொல்றேன். ரயில்வேயில உதவி லோகோ பைலட் வேலைக்கு லேசிக் பண்ணினவங்களை எடுக்க மாட்டாங்க. அறிவிப்புலயே போட்டிருக்கும். சிக்னல் பார்க்கற மத்த சில வேலைகளுக்கும் இதேதான். கண்ணாடி இல்லாமப் பார்வை வேணும்னுதானே கேக்கறாங்க, லேசிக் பண்ணிட்டுப் போனா ஆச்சுன்னு ஒரு பையன் வீட்டுல தோட்டத்தை அடகு வெச்சுப் பண்ணிட்டு வந்தான். பரீட்சை எல்லாம் பாஸ். மெடிக்கல்ல நின்னுபோச்சு. என் சர்வீஸ்ல மனசு ரொம்ப வேதனைப்பட்ட நாள்கள்ல அதுவும் ஒண்ணு. பட்டாளம், போலீஸ், ரயில்வேன்னு எதுக்கு மனு போடறதா இருந்தாலும் அந்த அறிவிப்புல மருத்துவத் தகுதிப் பக்கத்தைப் படிச்சுட்டு அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போங்க.

கஞ்சிக்கோடு பிளாண்ட்

அக்கா, படிச்சதும் கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். தம்பிக்கு நல்லபடியா இருக்கட்டும். டாக்டர் யாரா இருந்தாலும் வித்தியாசம் இல்லைன்னு சொன்னதைத் திரும்ப எடுத்துக்கறேன். எங்க பிளாண்ட்லயும் அளவு எடுக்கறவன் சரியில்லைன்னா எந்த மெஷினும் காப்பாத்தாது, அதை யோசிக்காம எழுதிட்டேன். ஆனா மெஷின் முக்கியமே இல்லைன்னும் விட்டுடாதீங்க. கடைசியா எப்ப சர்வீஸ் பண்ணினாங்க, தினம் காலையில அளவு சரிபார்க்கறாங்களான்னு கேக்கறதுல தப்பில்லை. என் தம்பிக்குக் கேட்டப்ப அன்னைக்குக் காலை சரிபார்த்த பதிவையே காட்டினாங்க.

சித்தூர் வாத்தியார்

எனக்கு வயது 58. சித்தூர் தாலுகாவில் தமிழ்வழிப் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். 2003-இல், 36 வயதில் லேசிக் செய்துகொண்டேன். 43 வயதில் வெள்ளெழுத்து வந்து, படிக்க மட்டும் கண்ணாடி போட்டேன். லேசிக் இதைத் தடுக்காது என்று முன்பே சொல்லியிருந்தார்கள், வருத்தமில்லை.

வருத்தம் வேறு. இப்போது இரண்டு கண்ணிலும் புரை. உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிடக் கருவிழியின் வளைவு தெரிய வேண்டும். லேசிக் அந்த வளைவை முன்பக்கம் மட்டும் தட்டையாக்கிவிட்டதால் வழக்கமான கணக்கு தப்பும். அப்படியே வைத்தால் பிளஸ் பவரில் போய் நிற்கும். பழைய அளவுகள் இருந்தால் உதவும் என்றார் டாக்டர். நான் செய்துகொண்ட இடத்தில் கேட்டேன். கட்டடம் மாறிவிட்டது, கணினி மாறிவிட்டது, அந்தக் காலத்துப் பதிவுகள் இல்லை. என்னிடமும் ஒரு சீட்டு இல்லை. இப்போது பழைய அளவு இல்லாமலே கணக்கிடும் சூத்திரங்கள் இருப்பதால் சமாளித்துக்கொள்ளலாம் என்கிறார். ஆனாலும் 22 வருடம் அந்தக் காகிதத்தைப் பற்றி ஒருநாளும் நினைக்காமல் இருந்துவிட்டேன்.

தங்கச்சி, ஆபரேஷன் செய்தாலும் செய்யாவிட்டாலும் உன் அளவுச் சீட்டு, மேப், எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொள். பிற்காலத்தில் எந்தக் கண் டாக்டரிடம் போனாலும் லேசிக் செய்தவள் என்று முதலில் சொல். கருவிழி மெலிந்திருப்பதால் கண் பிரஷர் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். சொல்லாவிட்டால் கண் பிரஷர் நோய் டாக்டரின் கவனத்துக்குத் தப்பிவிடும்.

ஒப்புதல் படிவத்தை ஆபரேஷன் அன்று காலை நீட்டுவார்கள். கண்ணில் சொட்டு மருந்து விட்டபிறகு யாரால் படிக்க முடியும்? முந்தைய வாரமே கேட்டு வீட்டுக்கு எடுத்து வா. தமிழிலோ மலையாளத்திலோ இருந்தால் அதைக் கேள்.

அம்மாவின் பயத்துக்கு ஒரு செய்தி. இந்த எக்ஸைமர் லேசர் சுடுவதில்லை. 193 நானோமீட்டர் புற ஊதாக்கதிர், திசுவின் பிணைப்பை அறுத்து ஆவியாக்குகிறது. பக்கத்தில் இருப்பது கருகுவதில்லை. 1981-இல் அமெரிக்காவில் ஐ.பி.எம் ஆராய்ச்சிக்கூடத்தில் இதைக் கண்டுபிடித்த மூவரில் ஒருவர் ரங்கசாமி சீனிவாசன், 1929-இல் நம் சென்னையில் பிறந்தவர். பண்டிகை விருந்தில் மீந்த வான்கோழித் துண்டைக் கொண்டுபோய் அதில் லேசரைச் செலுத்திப் பார்த்தார்; கருகாமல் சுத்தமாக வெட்டியது. அதற்கு அமெரிக்க அரசின் தேசியப் பதக்கம் 2013-இல் அவர்களுக்குத் தரப்பட்டது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். அம்மாவிடம் சொல்லு, நம்ம ஊர்க்காரர் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தது என்று.

கொழிஞ்சாம்பாறை தங்கை

சார், அம்மாகிட்ட சொன்னேன். "மெட்ராஸ்காரரா?"ன்னு ரெண்டு தடவை கேட்டாங்க.

எல்லார்க்கும் நன்றிங்க. லென்ஸை இன்னையோட நிறுத்திட்டேன். ரெண்டு வாரம் கழிச்சுப் போறேன். மூணு இடத்துக்கும் போன் பண்ணி அந்த மூணு கேள்வியும் கேட்டேன். 38 ஆயிரம் சொன்ன இடத்துல, முன்பணம் கட்டினாத்தான் டாக்டரைப் பார்க்க முடியும்னாங்க. 92 ஆயிரத்துல, அன்னைக்கு யார் டூட்டியோ அவங்கன்னாங்க. 60 ஆயிரம் சொன்ன இடத்துல போனை வாங்கினது வேற ஒருத்தர். டாக்டர் பேரைச் சொல்லி, வியாழக்கிழமை அவரே பார்ப்பாரு, வர்றப்ப பழைய கண்ணாடிச் சீட்டெல்லாம் எடுத்துட்டு வாங்கன்னாங்க. அங்கேதான்.

கொழிஞ்சாம்பாறை தங்கை (பதினெட்டு நாள் கழித்து)

போயிட்டு வந்தாச்சுங்க. அப்பாவும் கூட வந்தாரு. காலையில 9 மணிக்கு உள்ளே போனோம், வெளியே வர்றப்ப 3 மணி.

முதல்ல கீழ் இமைக்குள்ள மடிச்ச பேப்பர் ஒண்ணைச் சொருகி அஞ்சு நிமிஷம் உக்கார வெச்சாங்க, கண்ணீர் எவ்வளவு தூரம் ஊறுதுன்னு பார்க்க. அது நல்லா இருக்காம். அப்புறம் மேப், பவர், சொட்டு மருந்து விட்டுத் திரும்பவும் பவர். முகப்பருவுக்கு மாத்திரை சாப்பிடறியான்னு கேட்டாங்க, ஐசோட்ரெட்டினாயின் மாதிரி மருந்து கண்ணை வறட்டுமாம். கண்ணைக் கசக்குவியான்னும் கேட்டாங்க அக்கா! அந்தக் கேள்வி வந்ததும் உங்க தம்பிய நினைச்சுக்கிட்டேன்.

டாக்டர் அப்பாகிட்ட மலையாளத்துலயும் எங்கிட்ட தமிழ்லயும் பேசினாரு. திரையைத் திருப்பி எங்க பக்கம் வெச்சாரு. கருவிழி கனம் வலது 512, இடது 518. நான் உடனே கையிலேயே கணக்குப் போட்டேன். 512ல 110 போக, 112 போக, 290. "250க்கு மேலதானே சார் இருக்கு?"ன்னேன். அவரு என்னை நிமிர்ந்து பார்த்தாரு. யார் சொல்லிக்கொடுத்தான்னு கேட்டாரு, உங்களைத்தான் சொன்னேன். "கூட்டிப் பாரு, எடுக்கறது 222. 512ல அது 43 சதவீதம். இந்தக் கண்ணுக்கு மூடி எடுத்து நான் பண்ண மாட்டேன்"னாரு. மேப்புல திட்டு எதுவும் இல்லை, ரெண்டு கண்ணும் ஒரே மாதிரி இருக்குன்னு அதையும் காட்டினாரு.

அப்புறம் பழைய கண்ணாடிச் சீட்டுகளை வரிசையா வெச்சாரு. போன வருஷம் வலது 5.75, இப்ப 6.50. ஒரு வருஷத்துல அரை பவருக்கு மேல மாறியிருக்கு. இன்னும் ஏறிக்கிட்டு இருக்கற கண்ணுல இப்ப எதுவுமே வேண்டாம், ஒரு வருஷம் கழிச்சு வா, பவர் நின்னிருந்தா மூடி எடுக்காத பி.ஆர்.கே, இல்லைன்னா உள்ளே லென்ஸ் வைக்கற ஐ.சி.எல், ரெண்டுல எது பொருந்தும்னு அப்ப பேசலாம்னாரு. பி.ஆர்.கே பண்ணினா மூணு நாலு நாள் நல்லா வலிக்கும்னு அதையும் மறைக்காம சொன்னாரு.

எந்திரிக்கலாம்னு இருந்தப்ப, விழித்திரை இன்னும் பார்க்கலைன்னு உக்கார வெச்சாரு. நெத்தியில விளக்கு மாட்டின இன்னொரு டாக்டர், சின்னக் கம்பியால இமைய அழுத்தி அழுத்தி ஓரம் வரைக்கும் பார்த்தாங்க. வலிச்சுது, தாங்கிக்கற வலிதான். இடது கண்ணு விழித்திரை ஓரத்துல மெலிஞ்ச இடம் ஒண்ணு, அதுல ஊசி முனை மாதிரி ஒரு ஓட்டை. நான் எதையுமே உணரலை. அன்னைக்கே அந்த ஓட்டையைச் சுத்தி வேலி போட்ட மாதிரி லேசர் வெச்சாங்க. பச்சை வெளிச்சம் பட்டு பட்டுன்னு, பத்து நிமிஷம்கூட ஆகலை. மைனஸ் பவர் கூடுதலா, அதாவது கண்ணு நீளமா இருக்கறவங்களுக்கு இது வர்றதுதான், லேசிக் பண்ணிக் கண்ணாடிய எடுத்துட்டாலும் கண்ணோட நீளம் குறையாதுன்னாங்க. மின்னல் அடிக்கற மாதிரியோ, கருப்புப் புள்ளி திடீர்னு நிறையவோ, ஓரத்துல திரை விழுந்த மாதிரியோ இருந்தா அன்னைக்கே வரணும், மறுநாளைக்குத் தள்ளக் கூடாதுன்னு அப்பாகிட்டயும் தனியாச் சொன்னாங்க.

கடைசியில அந்தக் கேள்வியும் கேட்டேன், எத்தனை பேரைத் திருப்பி அனுப்புவீங்கன்னு. "இன்னைக்குக் காலையிலேர்ந்து உன்னோட சேர்த்து மூணு பேரு"ன்னாரு.

பஸ்ல வர்றப்ப அழுகை வந்துச்சு. ரெண்டு வருஷமா நினைச்சிருந்தது. உக்கடம் தாண்டற வரைக்கும் அப்பா ஒண்ணும் பேசலை. அப்புறம், "டாக்டர் கிடைச்சுட்டாரு, ஆபரேஷன் அடுத்த வருஷம் கிடைக்கும்"னாரு.

தைக்கு வர்றவங்களைப் பத்தி அம்மாகிட்ட கேட்டேன். கண்ணாடியோடவே பார்க்கட்டும்னு சொல்லிட்டாங்க. 1.67ங்கற ரக மெல்லிசு லென்ஸ்ல புதுக் கண்ணாடிக்கு அளவு கொடுத்தாச்சு, மழைக்குக் கண்ணாடி மூடின ஹெல்மெட்டும் வாங்கறதா இருக்கேன்.

பொள்ளாச்சி அக்கா

நல்ல இடத்துக்குப் போயிருக்கே சாமி. அந்த ஓட்டைக்கு லேசர் வெச்சதுக்குத் திரும்பிப் பார்க்க வரச் சொல்லியிருப்பாங்க, அதைத் தவற விட்றாதே. தம்பிகிட்ட உன் பதிவைப் படிச்சுக் காட்டினேன். கேட்டுட்டு, "அந்தப் புள்ளைய நல்லா பார்த்திருக்காங்கக்கா"ன்னான்.

வேலந்தாவளத்தான்

அடுத்த வருஷம் நாள் குறிக்கறப்ப காத்தை மறந்துறாதீங்க. ஹெல்மெட்டுல உள்பக்கம் ஆவி பிடிக்காத மூடி தனியா வருது, கோயம்புத்தூர்ல கிடைக்கும். நான் அதைத்தான் போட்டிருக்கேன்.

ரிஃப்ராக்ஷன் ரூம்

கணக்கை நீங்களே போட்டது ரொம்ப சந்தோஷம்ங்க. எல்லாப் பேப்பரும் வாங்கிட்டீங்களா? மேப், பவர் எழுதின சீட்டு, விழித்திரை லேசர் வெச்ச விவரம், மூணும் வேணும்.

கொழிஞ்சாம்பாறை தங்கை

ரெண்டு வாரத்துல திரும்ப வரச் சொல்லியிருக்காங்கக்கா, லீவு எழுதிக் கொடுத்துட்டேன்.

பேப்பர் மூணும் வாங்கிட்டேன். அம்மா ஆதார் கார்டு, தோட்டத்துப் பத்திரம் எல்லாம் இருக்கற பிளாஸ்டிக் கவர்ல போட்டு பீரோவுல வெச்சுட்டாங்க.

ரிஃப்ராக்ஷன் ரூம்

பவர் மெஷின்லேர்ந்து வர்ற அந்த நீளச் சீட்டு மட்டும் பஸ் டிக்கெட் மாதிரி பேப்பர், கொஞ்ச நாள்ல எழுத்து வெளுத்துப் போயிரும். அதை ஜெராக்ஸ் எடுத்து வைங்க.

கொழிஞ்சாம்பாறை தங்கை

இப்பத்தான் எடுத்துட்டு வந்தேன். ரெண்டு காப்பி, ஒண்ணு அப்பா பெட்டியில.